முதலில் பம்பைக் கழற்றுங்கள்: அழகுசாதன நிறுவனங்களுக்கான பேக்கேஜிங், கழிவுச் சட்ட வழிகாட்டி

ஒரு லோஷன் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பைத் திருகிக் கழற்றி, உள்ளே தொங்கும் குழாய், ஸ்பிரிங், சின்னக் கோலி, வாஷர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் பரப்புங்கள். லேபிளை உரித்து அதையும் வையுங்கள். அட்டைப்பெட்டி, அதற்குள் மடித்துத் திணித்த துண்டுச்சீட்டு, பெட்டிக்கு மேல் போர்த்தியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள், எல்லாம் பக்கத்தில் வரட்டும். இப்போது 0.1 கிராம் வரை காட்டும் தராசில் ஒவ்வொன்றையும் எடை போட்டு, எது எந்தப் பொருளால் ஆனது என்று எழுதிவிடுங்கள். பேக்கேஜிங் சட்டம், கழிவுச் சட்டம் என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒரு வேலையைத்தான். வக்கீல் அப்புறம் வரட்டும்.

காரணம் எளிது. நாட்டுக்கு நாடு சட்டத்தின் பெயர் மாறும், படிவம் மாறும், கட்டணம் மாறும். ஆனால் எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான்: என்ன பொருள், எத்தனை கிராம், எத்தனை எண்ணிக்கை, எந்த நாட்டில் விற்றீர்கள், அந்த நாட்டுச் சந்தையில் அதை முதலில் இறக்கியது யார். இந்த ஐந்துக்கும் பதில் ஒரு தாளில் இருந்தால் எந்தப் படிவம் வந்தாலும் நிரப்பிவிடலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் கடைசி வாரத்தில் கிடங்குக்குப் போய் டப்பா எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எடைத்தாளில் என்னென்ன வரவேண்டும்

டப்பா விற்பவர் தரும் பட்டியலில் "பாட்டில் 24 கிராம்" என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. நானும் செய்திருக்கிறேன். பம்பு வேறொருவரிடமிருந்து வருகிறது, அதன் எடை அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாட்டில் 24 கிராம், பம்பு 8.5 கிராம், லேபிள் 0.8 கிராம், அட்டைப்பெட்டி 14 கிராம். 20,000 பாட்டில் விற்றால் பாட்டில் 480 கிலோ, பம்பு 170 கிலோ, லேபிள் 16 கிலோ, அட்டை 280 கிலோ. பம்பை மறந்தால் 170 கிலோவைக் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தணிக்கையில் இதற்கு "மறந்துட்டோம்" என்பது பதில் ஆகாது.

அப்புறம், வெளிப்பெட்டியை விட்டுவிடாதீர்கள். இணையத்தில் விற்கிறீர்கள் என்றால் அனுப்பும் அட்டைப்பெட்டி, அதற்குள் நிரப்பும் காகிதம், குமிழித் தாள், ஒட்டும் டேப் எல்லாமே உங்கள் கணக்கில்தான் வரும். இலவச சாம்பிள் பொட்டலமும் அப்படித்தான். பணம் வாங்கவில்லை என்பதால் அது பேக்கேஜிங் இல்லாமல் போய்விடாது. கடைக்கு அனுப்பும் டெஸ்டர், பண்டிகைக் காலப் பரிசுப்பெட்டி, இவை வழக்கமான தயாரிப்பு எண்ணுக்குக் கீழே வராததால் கணக்கிலிருந்து நழுவிவிடும். இவற்றுக்குத் தனி வரி போடுங்கள்.

எது பேக்கேஜிங், எது பொருளின் பாகம் என்ற சந்தேகம் இந்தத் தொழிலில் அடிக்கடி வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994 ஆம் ஆண்டு பேக்கேஜிங் உத்தரவின் இணைப்புப் பட்டியலில் மஸ்காரா பிரஷ்ஷையே உதாரணமாகப் போட்டிருந்தார்கள்: மூடியோடு சேர்ந்த பிரஷ் என்றால் அது பேக்கேஜிங்கின் பகுதி. நீங்களாகவே "இது பொருளின் பாகம்" என்று முடிவெடுத்துக் கழித்துவிடாதீர்கள். ஒரு முடிவு எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேள்வி வரும்போது அந்த வரிதான் கைகொடுக்கும்.

பொறுப்பு யார் தலையில்

"நாங்கள் தயாரிக்கவே இல்லை, ஒப்பந்தத் தொழிற்சாலைதான் நிரப்பித் தருகிறது, அதனால் எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று பல சின்ன பிராண்டுகள் நம்பிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலான நாடுகளில் நிலைமை நேர்மாறு. டப்பாவின் மேல் யார் பெயர் இருக்கிறதோ அவர், அல்லது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் இறக்குமதி செய்தவர், அவர்தான் சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர்.

இதன் பின்னால் இருக்கும் கருத்துக்கு உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்று பெயர், சுருக்கமாக இபிஆர். விற்றதோடு உங்கள் வேலை முடியவில்லை, காலி டப்பா குப்பையாகும்போது அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் செலவும் உங்களுடையதே என்பதுதான் சாரம். ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்குவிஸ்ட் 1990 இல் இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தார். ஜெர்மனி 1991 இல் பேக்கேஜிங்குக்கு இதைச் சட்டமாகவே போட்டது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் 2022 பிப்ரவரியில் விரிவான வழிகாட்டுதல் வந்தது. உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்டு உரிமையாளர் மூவரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக், முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன நெகிழ் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் சேர்ந்த பல அடுக்குப் பேக்கேஜிங், மக்கும் பிளாஸ்டிக் என்று வகை பிரித்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஷாம்பு பாட்டில் முதல் வகையில் விழும். சாஷே முழுக்கப் பிளாஸ்டிக் என்றால் இரண்டாவதில், அலுமினியப் படலம் மாதிரி வேறு பொருளும் சேர்ந்திருந்தால் மூன்றாவதில். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. 2021 இல் மெய்ன் தொடங்கிவைத்தது, பின்னால் ஒரிகான், கொலராடோ, கலிஃபோர்னியா, மினசோட்டா என்று மாநிலம் மாநிலமாக வந்துகொண்டிருக்கிறது.

ஜெர்மனியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன நிறுவனங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் அது. அங்கே குறைந்தபட்ச அளவு என்ற ஒன்றே இல்லை. வருடத்துக்குப் பத்து லிப் பாம் அனுப்பினாலும் லூசிட் என்ற பதிவேட்டில் முதலில் பதிய வேண்டும், சேகரிப்பு அமைப்பு ஒன்றோடு ஒப்பந்தமும் போட வேண்டும். 2022 ஜூலை முதல், பதிவு எண் இல்லாத விற்பனையாளரை இணையச் சந்தைகளே தடுத்து நிறுத்த வேண்டும் என்று விதி. அதனால் அதிகாரி வந்து பிடிப்பதற்கு முன்பே உங்கள் பொருள் பக்கத்திலிருந்து காணாமல் போகும். பிரிட்டனில் இதற்கு மாறாக அளவு வரம்பு உண்டு: வருட விற்பனை பத்து லட்சம் பவுண்டையும் பேக்கேஜிங் 25 டன்னையும் தாண்டினால்தான் இபிஆர் கடமை. அதனால் ஒரு நாட்டில் படித்த வரம்பை இன்னொரு நாட்டுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். விற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரி எழுதி, அங்கே பொருளை இறக்குவது நீங்களா, உங்கள் விநியோகஸ்தரா, நேரடியாக வாடிக்கையாளருக்கு அனுப்புகிறீர்களா என்று குறியுங்கள். நேரடியாக அனுப்பினால் பொறுப்பு அநேகமாக உங்களுடையது. விநியோகஸ்தர் என்றால் ஒப்பந்தத்தில் "பேக்கேஜிங் பதிவும் கட்டணமும் யாருடையது" என்று ஒரு பத்தி சேருங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் இரண்டு பேரும் மற்றவர் செய்வார் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஐரோப்பாவின் புதிய சட்டம்: தேதிகள் முக்கியம்

நீங்கள் ஐரோப்பாவில் விற்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படியுங்கள். டப்பா செய்யும் பெரிய நிறுவனங்கள் இதற்கேற்பத்தான் தங்கள் மோல்டுகளை மாற்றுகின்றன. நாளைக்கு உங்கள் கைக்கு வரப்போகும் டப்பாவும் அதுவாகத்தான் இருக்கும்.

பழைய உத்தரவின் இடத்தில் 2025/40 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை வந்திருக்கிறது. 2025 பிப்ரவரி 11 இல் அமலுக்கு வந்தது, பொதுவாக 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்தும். உத்தரவு என்றால் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குச் சட்டம் போட வேண்டும். ஒழுங்குமுறை என்றால் நேரடியாக எல்லா நாட்டுக்கும் ஒன்றே. எனவே 27 நாடுகளிலும் அடிப்படை விதி ஒரேமாதிரி ஆகிறது, பதிவும் கட்டணமும் மட்டும் இன்னும் நாடுவாரியாகத் தொடரும்.

இதில் அழகுசாதனத்தை நேரடியாகத் தொடுபவை சில. 2030 முதல் சந்தையில் இறங்கும் பேக்கேஜிங் மறுசுழற்சி செய்யக்கூடியதாக வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். ஏ, பி, சி என்று தரம் போடுவார்கள், 70 சதவீதத்துக்குக் கீழே வந்தால் விற்க முடியாது. 2038 முதல் சி தரமும் போய்விடும். மருந்தின் நேரடிப் பேக்கேஜிங்குக்கு விலக்கு உண்டு, அழகுசாதனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்தது மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கின் பங்கு. அழகுசாதன டப்பா இந்தச் சட்டத்தில் உணவுப் பேக்கேஜிங்கோடு சேர்த்து உள்ளே இருக்கும் பொருளைத் தொடுவதால் கூடுதல் கவனம் வேண்டிய பேக்கேஜிங் என்ற வகையில் வருகிறது. அதனால் 2030 இல் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்கு 30 சதவீதமும் மற்ற பிளாஸ்டிக்குகளுக்கு 10 சதவீதமும் மறுசுழற்சிப் பொருள் வேண்டும், 2040 இல் அது 50, 25 ஆக ஏறும். நுகர்வோர் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக்கிலிருந்து வந்ததுதான் இந்தக் கணக்கில் சேரும். தொழிற்சாலைக்குள் விழுந்த வெட்டுத்துண்டை அரைத்துப் போட்டுக் கணக்குக் காட்ட முடியாது.

எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு, பிராண்டுகளுக்குப் பிடிக்காது. இரட்டைச் சுவர், போலி அடித்தளம், பொருள் நிறைய இருப்பதுபோலக் காட்டும் தேவையற்ற அடுக்கு, இவற்றுக்கு 2030 முதல் இடமில்லை. 50 மில்லி க்ரீமுக்கு 100 மில்லி அளவில் கனமான ஜாடி கொடுப்பது இந்தத் துறையின் பழைய பழக்கம். முன்பு "சந்தைப்படுத்தலுக்குத் தேவை" என்று சொல்லித் தப்பிக்கலாம், இப்போது அந்தக் காரணம் பட்டியலிலேயே இல்லை. 2025 பிப்ரவரி 11 க்கு முன்பே வடிவமாகவோ வணிகச் சின்னமாகவோ பாதுகாப்புப் பெற்ற ஜாடிகளுக்கு மட்டும் விலக்கு. சீனா இதைத் தன் பாணியில் முன்பே செய்துவிட்டது: ஜிபி 23350 என்ற தேசியத் தரநிலையின் 2021 ஆம் ஆண்டுப் பதிப்பு 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது, அழகுசாதனத்துக்கு நான்கு அடுக்குக்கு மேல் பேக்கேஜிங் கூடாது. அங்கே பரிசுப்பெட்டி விற்பவர்கள் அடுக்கை எண்ணியே ஆக வேண்டும்.

ஹோட்டல்களுக்கு விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தங்கலுக்கு ஒன்று என்று வைக்கும் குட்டி ஷாம்பு, லோஷன் பிளாஸ்டிக் பாட்டில்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2030 ஜனவரி முதல் தடை. கலிஃபோர்னியாவில் 50 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல்களுக்கு 2023 முதலும் சின்ன ஹோட்டல்களுக்கு 2024 முதலும் ஏற்கனவே தடை. உங்கள் வருமானத்தில் இது பெரிய பங்கு என்றால் சுவரில் மாட்டும் பெரிய டிஸ்பென்சருக்கு இப்போதே மாறுங்கள்.

டப்பாவை எப்படித் தேர்ந்தெடுப்பது

சட்டத்தைப் படிப்பதைவிட, குப்பை பிரிக்கும் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது அதிகப் பயன் தரும். பெல்ட்டில் குப்பை ஓடும். முதலில் சல்லடை, சுமார் 5 செ.மீ.க்குக் குறைவான துண்டுகள் கீழே விழுந்துவிடும். லிப் பாம் டப்பா, ஐ ஷேடோ தட்டு, மாதிரிக் குப்பி எல்லாம் இங்கேயே காலி. அவை என்ன உயர்ந்த பிளாஸ்டிக்காக இருந்தாலும் மறுசுழற்சிக்குப் போகாது. அதைத் தாண்டியவற்றை அகச்சிவப்புக் கதிர் பார்க்கிறது. கார்பன் கருப்பு நிறமி கலந்த டப்பா அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால் இயந்திரத்துக்கு அது என்ன பிளாஸ்டிக் என்றே தெரியாது. ஆண்களுக்கான தயாரிப்பு என்றால் கருப்பு டப்பாதான் என்று அடம்பிடிப்பவர்களிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கார்பன் இல்லாத கருநிறமிகளும் கிடைக்கின்றன.

முழு உடம்பையும் மூடும் ஷ்ரிங்க் உறையும் இதே சிக்கலைத் தரும். உள்ளே ஹெச்டிபிஇ என்ற பிளாஸ்டிக்கில் பாட்டில், மேலே பெட்ஜி என்ற வேறு பிளாஸ்டிக்கில் உறை; கதிர் பார்ப்பது உறையைத்தான். உலோகப் பூச்சு பூசிப் பளபளப்பாக்கிய மூடி, கண்ணாடியும் காந்தமும் ஒட்டிய பவுடர் காம்பாக்ட், பிவிசி ஜன்னல் வைத்த அட்டைப்பெட்டி, இவற்றை மறுசுழற்சிக்காரர்கள் எடுத்துக் குப்பையில் போடுவார்கள்.

பம்புதான் பெரிய தலைவலி. சாதாரணப் பம்புக்குள் எஃகு ஸ்பிரிங் இருக்கும், சிலவற்றில் கண்ணாடிக் கோலியும் இருக்கும். ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் முழுவதும் செய்த பம்புகள் இப்போது கிடைக்கின்றன, விலை கூடுதல், அழுத்தும்போது கைக்குக் கொஞ்சம் வேறுமாதிரி இருக்கும், கெட்டியான க்ரீமுக்கு எல்லாமும் ஒத்துவராது. அதனால் முதல் கேள்வியாக "பம்பே வேண்டுமா" என்று கேளுங்கள். ஊற்றிப் பயன்படுத்தக்கூடிய திரவத்துக்குச் சாதாரணத் திறப்பு மூடி போதும். பம்பு கட்டாயம் என்றால் அதை மட்டும் வாடிக்கையாளர் வைத்துக்கொண்டு மறுநிரப்புப் பொட்டலம் வாங்கும்படி செய்யலாம், ஆனால் அந்தப் பொட்டலம் பல அடுக்குப் படலமாக இருந்தால் ஒரு சிக்கலைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கிறீர்கள். கிராம் குறையும் என்பது உண்மை, மறுசுழற்சித் தரம் குறையும் என்பதும் உண்மை. இரண்டையும் எடைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், "ரீஃபில் என்றாலே நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடாது.

டியூபிலும் இதே கதை. அலுமினியப் படலம் வைத்த லேமினேட் டியூப் வாசனையையும் ஆக்சிஜனையும் நன்றாகத் தடுக்கும், மறுசுழற்சியில் தோற்றுவிடும். முழுக்க பாலிஎத்திலீனில் செய்த டியூப் பல தயாரிப்புகளுக்குப் போதும். வைட்டமின் சி சீரம் மாதிரி காற்றுப் பட்டால் கெட்டுப்போகிறவற்றுக்குச் சோதித்துப் பார்க்காமல் மாறாதீர்கள்.

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டப்பாவை மாற்றுவது என்பது வெறும் கொள்முதல் முடிவு இல்லை. ஐரோப்பிய அழகுசாதன ஒழுங்குமுறை 1223/2009 இன் படி பாதுகாப்பு அறிக்கையிலேயே பேக்கேஜிங் பொருளைப் பற்றிய தகவல் இருக்க வேண்டும். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் முந்தைய வாழ்க்கையின் எச்சம் இருக்கலாம்: வாசனை, நிறமி, என்னவென்றே தெரியாத சேர்மம். அதனால் புதுப் பொருளுக்கு மாறினால், டப்பாவும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்ற இணக்கச் சோதனை, நிலைத்தன்மைச் சோதனை, பாதுகாப்பு மதிப்பீட்டாளரின் கையெழுத்து எல்லாம் மறுபடியும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். 2030 க்கு 2029 இல் தயாராகலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. மறுசுழற்சிப் பொருளுக்கு விற்பவரிடம் சான்றிதழ் கேளுங்கள், ஒவ்வொரு லாட்டுக்கும். பிரிட்டனில் 30 சதவீதத்துக்குக் குறைவான மறுசுழற்சிப் பொருள் உள்ள பிளாஸ்டிக் பேக்கேஜிங்குக்கு 2022 ஏப்ரல் முதல் வரி உண்டு. 30 சதவீதம் இருக்கிறது என்று காகிதத்தில் நிரூபிக்க முடியாவிட்டால் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஸ்பெயின் 2023 முதல் பேக்கேஜிங்கில் மறுசுழற்சியிலிருந்து வராத பிளாஸ்டிக்குக்குக் கிலோவுக்கு 0.45 யூரோ வாங்குகிறது, அங்கேயும் சான்றிதழ்தான் பேசும்.

இன்னொரு சின்ன விஷயம். நிறமிகளிலும் கண்ணாடியிலும் வரும் ஈயம், காட்மியம், பாதரசம், அறுபிணைப்புக் குரோமியம் நான்கும் சேர்ந்து கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பாவின் பழைய விதி, இன்றும் உண்டு. டப்பா விற்பவரிடம் இதற்கான சோதனை அறிக்கையைக் கேட்டால் உடனே தர வேண்டும். இழுத்தடித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

லேபிளில் என்ன போடுவது, என்ன போடக்கூடாது

போட வேண்டியவை நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸில் ட்ரிமான் என்ற சின்னமும் எந்தப் பாகத்தை எந்தத் தொட்டியில் போடுவது என்ற குறிப்பும் வேண்டும். இத்தாலியில் 2023 ஜனவரி முதல் பொருளின் குறியீட்டு எண் வேண்டும். ஐரோப்பா முழுவதற்கும் ஒரே சின்னம் 2028 ஆகஸ்டில் வர இருக்கிறது, அதுவரை ஒரே அட்டையில் எல்லா நாட்டுச் சின்னத்தையும் நெருக்கித் திணித்துச் சமாளிக்க வேண்டியதுதான். புது மோல்டு, புது அச்சுப் பலகை போடும்போது இந்த இடத்தைக் காலியாக விட்டு வடிவமைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஸ்டிக்கர் ஒட்டும் கூலி மிச்சம்.

போடக்கூடாதவைதான் ஆபத்து. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது", "மக்கும் தன்மை கொண்டது" என்று சும்மா எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். பிரான்ஸில் பேக்கேஜிங் மேல் "மக்கக்கூடியது" (பயோடிகிரேடபிள்) என்று எழுதவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2024/825 உத்தரவின்படி 2026 செப்டம்பர் 27 முதல் ஆதாரம் காட்டாத பொதுப்படையான பசுமை வாசகங்களுக்குத் தடை. அமெரிக்காவில் வர்த்தக ஆணையத்தின் பசுமை வழிகாட்டி, உங்கள் பொருள் விற்கும் இடத்து மக்களில் 60 சதவீதம் பேருக்காவது அந்த டப்பாவை மறுசுழற்சிக்குப் போட வசதி இருந்தால்தான் நிபந்தனை இல்லாமல் "மறுசுழற்சி செய்யலாம்" என்று எழுதலாம் என்கிறது. என் பழக்கம்: பெயரடை போடாமல் எண்ணைப் போடுவது. "பாட்டிலில் 50 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக், மூடியும் பம்பும் சேராது" என்று உண்மையை எழுதினால் வழக்குப் போடுவது கடினம்.

டப்பாவுக்குள் இருப்பதும் கழிவுதான்

மைக்ரோபிளாஸ்டிக் பற்றி இரண்டு சட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2015 இல் இயற்றிய சட்டப்படி, கழுவி எடுக்கும் தயாரிப்புகளில் தேய்ப்பதற்காகப் போடும் பிளாஸ்டிக் மணிகளை 2017 ஜூலை முதல் தயாரிக்கக்கூடாது. ஐரோப்பாவின் 2023/2055 ஒழுங்குமுறை இதைவிட அகலமானது: தேய்ப்பு மணிகளுக்கும் தனியாக விற்கும் பிளாஸ்டிக் மினுமினுப்புத் தூளுக்கும் 2023 அக்டோபர் 17 இலிருந்தே தடை, கழுவி எடுக்கும் மற்றத் தயாரிப்புகளுக்கு 2027 அக்டோபர் வரை, தோலில் விட்டுவிடும் க்ரீம் வகைகளுக்கு 2029 வரை, மேக்கப், உதடு, நகத் தயாரிப்புகளுக்கு 2035 வரை அவகாசம். உங்கள் மூலப்பொருள் பட்டியலில் நைலான்-12, பாலிஎத்திலீன், சில அக்ரிலேட் பாலிமர்கள் இருந்தால், அவை கரையாத துகளாக இருக்கின்றனவா என்று மூலப்பொருள் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

தொழிற்சாலையும் கிடங்கும்

காலாவதியான நகப்பூச்சு ஒரு வீட்டுக் குப்பையில் கிடந்தால் அமெரிக்கச் சட்டப்படி அது வீட்டுக் கழிவு. அதே பாட்டில் உங்கள் கிடங்கிலிருந்து வந்தால் அபாயக் கழிவு. 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றும் திரவம் என்பது அங்கேயும் ஐரோப்பாவிலும் எல்லைக்கோடு. அசிட்டோன் பூஜ்ஜியத்துக்கும் கீழே பற்றும், தூய எத்தனால் 13 டிகிரிக்குப் பக்கத்தில். எனவே நகப்பூச்சு, அதை அழிக்கும் திரவம், வாசனைத் திரவியம் மூன்றும் சந்தேகமே இல்லாமல் இந்தப் பட்டியலில். ஹேர் ஸ்ப்ரே கேன் காலியானதுபோல இருந்தாலும் அழுத்தம் மிச்சம் இருக்கும், தனியாக வையுங்கள். முடிச்சாயத்தோடு வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு டெவலப்பரைக் கரைப்பான் கழிவு டிரம்மில் ஊற்றவே கூடாது. சூடாகி, வாயு கிளம்பி, டிரம் வெடிக்கும் அளவுக்குப் போகலாம்.

சாதாரண க்ரீம், ஷாம்பு பேட்ச் கெட்டுப்போனால் சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நுரை தந்து அழுக்கை நீக்கும் சர்ஃபாக்டன்ட்டும் எண்ணெயும் சேர்ந்தால் கழிவுநீரின் ஆக்சிஜன் தேவை எகிறிவிடும், உங்கள் வெளியேற்ற அனுமதி எண்கள் ஒரே நாளில் உடையும். கலக்கும் தொட்டியைக் கழுவும் முன் சுரண்டியெடுத்து, முதல் கழுவுநீரைத் தனியாகப் பிடித்தாலே சுமையில் பெரும்பகுதி குறையும். ஐரோப்பியக் கழிவுப் பட்டியலில் சோப்பு, அழகுசாதனத் தொழிலுக்கு 07 06 என்று தனிப் பிரிவே இருக்கிறது; அபாயகரமான எச்சம் ஒட்டிய மூலப்பொருள் டிரம்முக்கு 15 01 10. ஏற்றிக்கொண்டு போகும் ஒப்பந்தக்காரர் என்ன எண் போடுகிறார் என்று நீங்களே பாருங்கள், தப்பான எண்ணுக்குக் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

கழிவுநீரில் இன்னொன்றும் வந்துகொண்டிருக்கிறது. 2024 இல் நிறைவேறிய ஐரோப்பிய நகர்ப்புறக் கழிவுநீர் உத்தரவு, நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்பின் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் தர வேண்டும் என்கிறது. தொழில்துறை இதை நீதிமன்றத்தில் எதிர்த்திருக்கிறது. எப்படி முடிந்தாலும், உங்கள் ஃபார்முலாவில் எது சீக்கிரம் சிதையும், எது சிதையாது என்ற பட்டியலை இப்போதே தயாரித்து வைப்பதில் நஷ்டமில்லை.

விற்காத சரக்கை எரித்துவிடும் வழக்கத்துக்கும் பிரான்ஸ் 2022 இலேயே கதவை மூடிவிட்டது. சுகாதாரப் பொருட்கள் உட்பட விற்காத சரக்கைத் தானம் செய்யவோ மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோதான் அனுப்ப வேண்டும். கொள்முதலில் ஒரு மாதக் கூடுதல் இருப்பு வைப்பவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

காகிதம்

ஐரோப்பாவின் புதிய சட்டத்தில் ஒவ்வொரு பேக்கேஜிங் வகைக்கும் தொழில்நுட்ப ஆவணமும், சட்டத்துக்கு உட்பட்டது என்ற இணக்க உறுதிமொழியும் வேண்டும். ஒருமுறை பயன்படும் டப்பாவுக்கு 5 வருடம், மறுபயன்பாட்டு டப்பாவுக்கு 10 வருடம் வைத்திருக்க வேண்டும். முதலில் போட்ட அந்த எடைத்தாளோடு டப்பா விற்பவரின் பொருள் அறிவிப்பு, உலோகச் சோதனை, மறுசுழற்சிச் சான்றிதழ், இணக்கச் சோதனை முடிவு ஆகியவற்றை ஒரே கோப்புறையில் போடுங்கள், தயாரிப்பு எண்ணின் பெயரில். டப்பா விற்பவர் சொல்லாமல் பம்பை மாற்றும் நாள் ஒன்று வரும், நிச்சயம் வரும். அதற்காகக் கொள்முதல் ஆணையில் "பொருளோ எடையோ மாறினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, கிடங்கிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து மறுபடி கழற்றி எடை போடுங்கள்.